விறகாகப் போகும் பூவரசும் வெள்ளையாக வரும் தேக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மரம் நடுவதைப் பற்றி நாளேடுகளில் நிறைய எழுதப்படுகிறது. எது நாட்டு மரம், எது கடல் கடந்து வந்தது என்ற வழக்கும் அவ்வப்போது நடக்கிறது. நட்டது வளர்ந்து, முற்றி, ஒரு நாள் சாய்ந்த பிறகு அதை என்ன செய்வது என்று மட்டும் யாரும் எழுதுவதில்லை. தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களின் மரவாடிகளிலும் அறுவை மில்களிலும் கண்ணில் படுவது இதுதான்: இரண்டு தலைமுறை உழைக்கக்கூடிய வேம்பும் பூவரசும் விறகாக எடை மேடையில் ஏறுகின்றன. அதே ஊரில் வீடு கட்டுகிறவர் பதினைந்து வயதுத் தேக்கைக் கன அடிக் கணக்கில் வாங்குகிறார். சில வருஷத்தில் நிலை உளுத்துக் கொட்டும்போது குற்றம் ஆசாரி தலையில் விழுகிறது.

நாட்டு மரமா, சீமை மரமா என்ற கேள்வியை முதலில் ஓரமாக வைத்துவிடலாம். பறவைக்கும் பூச்சிக்கும் அது முக்கியமான கேள்விதான். அறுத்த பலகைக்கு அவ்வளவாக இல்லை. புளியே ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. வந்து எத்தனையோ நூற்றாண்டு ஆனதால் நம் மரமாகிவிட்டது. தேக்கு நம் நாட்டு மரம், ஆனால் மலைக்காட்டு மரம். தண்ணீர் தேங்கும் களிமண் அதற்கு ஆகாது. டெல்டாவில் அது நன்றாக நிற்பது வடிகால் உள்ள ஆற்றுக்கரை, வாய்க்கால் கரைகளில்தான். தூங்குமூஞ்சி வெப்பமண்டல அமெரிக்காவைச் சேர்ந்தது. மகோகனி நடு அமெரிக்காவிலிருந்தும் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும், தைல மரம் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வந்தவை. ரம்பத்துக்கு ஊர் தெரியாது. வெட்டும்போது மரத்துக்கு என்ன வயது, எப்படி அறுத்தார்கள், எவ்வளவு நாள் காயவிட்டார்கள், வீட்டில் எங்கே வைத்தார்கள் என்பதில்தான் பலகையின் ஆயுள் இருக்கிறது.

தேக்கிலிருந்தே தொடங்கலாம். எந்த மரத்திலும் உள்ளே நிறமேறிய பகுதி வைரம். சேகு என்றும் சொல்வார்கள். அதைச் சுற்றிய வெளிறிய வளையம் வெள்ளை. கரையானையும் பூஞ்சையையும் எதிர்த்து நிற்கும் பொருள்கள் வைரத்தில்தான் சேர்கின்றன. வெள்ளையில் இருப்பது மாவுச்சத்து. வண்டுக்கு அது விருந்து. "தேக்கு உளுக்காது" என்பது தேக்கு வைரத்தைப் பற்றிய பேச்சு. தேக்கு வெள்ளை மாம்பலகையைப் போலவே உளுக்கும்.

பட்டை நீக்கி 25 அங்குலச் சுற்றளவுள்ள ஒரு தேக்கு, குறுக்களவில் 8 அங்குலம். சுற்றிலும் வெள்ளை ஒன்றேகால் அங்குலம் என்று கொண்டால் உள்ளே வைரம் ஐந்தரை அங்குலம். பரப்பில் இது 47 சதவீதம்தான், மற்றதெல்லாம் வெள்ளை. அதே ஒன்றேகால் அங்குல வெள்ளை 20 அங்குலக் குறுக்களவுள்ள முற்றிய மரத்தில் இருந்தால், வைரம் 77 சதவீதம். வாசல் நிலைக்கு வழக்கமாகப் போடும் சட்டம் 4க்கு 3 அங்குலம். அதன் மூலைக்கு மூலை அளவு 5 அங்குலம். ஐந்தரை அங்குல வைரத்துக்குள் அப்படி ஒரே ஒரு சட்டம்தான் அடங்கும். அதுவும் மரத்தின் நடுப்புள்ளி சட்டத்தின் வயிற்றிலேயே இருக்கும்படி. இப்படி நடுப்புள்ளியை அடைத்து அறுத்த சட்டம் காயும்போது வெடிக்காமல் இருக்காது. பச்சையிலிருந்து முழுக்க உலரும்வரை தேக்கு வளையத்தின் போக்கில் ஏறக்குறைய 5.8 சதவீதமும், நடுவிலிருந்து வெளிநோக்கி 2.5 சதவீதமும் சுருங்குகிறது. சுற்று அதிகமாகச் சுருங்க, ஆரம் குறைவாகச் சுருங்கினால், எங்காவது ஒரு முகம் பிளந்துதான் அந்தக் கணக்கு நேராகும். வெடிப்பில் மெழுகும் மரத்தூளும் அடைத்து பாலீஷ் போட்டுக் கொடுப்பது வேறு கதை.

வேகமாக வளர்ந்த மரம் வலுவில்லாதது என்ற பேச்சையும் இங்கே திருத்த வேண்டும். தேக்கில் அகன்ற வளையம் குறையல்ல. வாய்க்கால் கரைத் தேக்கு சீக்கிரம் பருத்தாலும், முற்றவிட்டு வெட்டினால் பலம் குறைவதில்லை. அவசரப்பட்டு வெட்டுவதுதான் கெடுதல். வனத்துறைத் தோட்டங்களில் ஐம்பது, அறுபது வருஷம் நிற்கும் மரம் பட்டா நிலத்தில் பதினைந்திலேயே கோடாலிக்கு வருகிறது. 1990களில் "இன்று கட்டினால் இருபது வருஷத்தில் லட்சங்கள்" என்று தேக்குத் தோட்டக் கம்பெனிகள் பணம் திரட்டியது பலருக்கு நினைவிருக்கும். காசு போனது ஒரு பக்கம். தேக்குக்கு இருபது வருஷமே அதிகம் என்ற எண்ணம் மட்டும் இன்னும் போகவில்லை.

இனி அளவு. மரவாடியில் உருட்டு மரத்துக்குக் கால் சுற்றளவுக் கணக்கு. நடுப்பகுதியின் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து நாலால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, 144-ஆல் வகுத்து, அடி நீளத்தால் பெருக்க வேண்டும். 48 அங்குலச் சுற்றளவும் 10 அடி நீளமும் இருந்தால் 10 கன அடி. மரத்தின் உண்மைக் கன அளவு 12.7. அந்த இரண்டே முக்கால் கன அடி, சீவிக் கழிக்கும் பக்கக் கட்டைக்காக விடும் தள்ளுபடி என்று வைத்துக்கொள்ளலாம். பெரிய மரத்துக்கு இந்தத் தள்ளுபடி நியாயமாக இருக்கிறது. சிறிய மரத்துக்குப் போதாது. மேலே சொன்ன 25 அங்குல மரம் 8 அடி நீளம் என்றால் 2.17 கன அடிக்குக் காசு கொடுக்க வேண்டும். கிடைக்கும் வைரச் சட்டம் 0.67 கன அடி. அதாவது ஒரு கன அடி வைரத்துக்கு மூன்றேகால் கன அடியின் விலை. மலிவு என்று சின்ன மரம் வாங்குகிறவர் இந்தப் பெருக்கலை ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும். சுற்றளவை நடுவில் எடுக்காமல் பருத்த அடிப்பக்கத்தில் எடுப்பதும், பட்டையோடு அளந்து பட்டைக்குக் கழிக்காமல் விடுவதும் இன்றும் நடக்கிற வேலைகள். டேப்பை வாங்குகிறவரே பிடிக்கலாம். யாரும் தடுக்க மாட்டார்கள்.

"பர்மா தேக்கு" என்ற சொல்லை நம்பி ஏமாறுவதும் உண்டு. மியான்மர் 2014 ஏப்ரல் 1 முதல் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. கப்பலில் இப்போது வரும் உருட்டுத் தேக்கு ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க நாடுகளின் தோட்ட மரம். அது கெட்ட மரமல்ல. ஆனால் சின்னச் சுற்றளவில் வருகிறபோது மேலே சொன்ன 47 சதவீதக் கணக்கே அதற்கும். உண்மையான பர்மா தேக்கு வேண்டுமென்றால் இடித்த பழைய வீட்டு உத்தரத்தைத் தேட வேண்டும். சுவருக்குள் புதைந்திருந்த இரண்டு முனைகளிலும் ஓரடி கழித்து, ஆணிகளைப் பிடுங்கிவிட்டு அறுத்தால், எண்பது வருஷம் காய்ந்த மரம் கையில் இருக்கும்.

இப்போது விறகாகிற மரங்களுக்கு வருவோம். ஒரு டன் பச்சை மரம் என்பது ஏறக்குறைய 35 கன அடி. கால் சுற்றளவுக் கணக்கில் 27, 28. உள்ளூர் மரவாடியில் 27 கன அடி வேம்புக்கு என்ன விலை, ஒரு டன் விறகுக்கு என்ன விலை என்று இரண்டையும் விசாரித்துப் பார்த்தால் போதும். மரத்தை டன் கணக்கில் ஏலம் விடும் பஞ்சாயத்தும் சாலைத்துறையும் எவ்வளவு விட்டுக்கொடுக்கின்றன என்பது தெரியும்.

நல்ல மரம் அப்படி விறகாகப் போவதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, துண்டு போடுகிற நீளம். ஏலம் எடுத்தவர் லாரியில் ஏற்றத் தோதாக மூன்றடி, நாலடியாக அறுத்துவிடுகிறார். நிலைக்கால் உயரம் ஏழடி, கழுந்துக்கும் (சட்டங்களைக் கோக்க முனையில் விடும் நாக்கு) முனை வெடிப்புக்கும் சேர்த்து ஏழரை அடி வேண்டும். அந்த ஏழரை அடி கிடைக்காவிட்டால் எப்பேர்ப்பட்ட வைர மரமும் அடுப்புக்குத்தான். இரண்டாவது, ஆணி. டியூஷன் சென்டர் தகடு, கட்சித் தட்டி, கேபிள் கம்பி என்று சாலையோர மரத்தில் அடிக்காத இரும்பில்லை. மரம் பருக்கப் பருக்க ஆணி உள்ளே போய்விடும். மேலே தடம்கூட இருக்காது. ஓடுகிற பட்டை ரம்பம் அதில் பட்டால் பற்கள் போகும், சில சமயம் பிளேடே அறுந்து வீசும். பக்கத்தில் நிற்பவர் உயிருக்கே ஆபத்து. அதனால் சாலை மரம் என்றாலே மில்காரர்கள் கையை விரிக்கிறார்கள். கையடக்க உலோகமானியைப் பட்டை நீக்கிய மரத்தின் மீது ஓட்டினால் பாதிக்கு மேல் பிடிபட்டுவிடும். மருது, கருவேல் போன்ற துவர்ப்பு மரங்களில் இரும்பைச் சுற்றிக் கருநீலக் கறை பரவியிருக்கும். வெட்டு முகத்தில் அந்தக் கறையைப் பார்த்தால் ரம்பத்தை நிறுத்திவிட வேண்டும். ஆணிகள் பெரும்பாலும் ஆள் உயரத்துக்குள்தான் இருக்கின்றன. அடியில் ஆறடியைத் தனியே வைத்துவிட்டு மேற்பகுதியை அறுப்பது ஒரு வழி. கிளையே இல்லாத நல்ல பகுதி அந்த அடியில்தான் இருக்கிறது என்பது வயிற்றெரிச்சல்.

பூவரசைப் போல் டெல்டாவுக்கு ஒத்த மரம் குறைவு. உப்புக்காற்று, களி, தேங்கும் தண்ணீர் எல்லாவற்றையும் தாங்கும். வைரம் சாக்லேட் நிறம். நன்கு காய்ந்தபின் திருகாது. வண்டிச் சக்கரத்துக்கும் படகுக்கும் அதைத் தேடியதற்குக் காரணம் இருக்கிறது. பின் ஏன் மில்லுக்கு வருகிற பூவரசில் பாதி பொக்கையாக இருக்கிறது? வேலிக்காகக் கை பருமன் போத்தை, அதாவது கிளைத் துண்டை, வெட்டி ஊன்றியதால். போத்தின் வெட்டு முகம் வழியே பூஞ்சை நுழைந்து நடுவைத் தின்றுகொண்டே மேலே போகும். வெளியே மரம் பச்சையாகத்தான் நிற்கும். பலகைக்கென்று வளர்ப்பவர் விதை போட்டு, நேர்த்தண்டு ஒன்றை மட்டும் விட்டு, பக்கக் கிளைகளைக் கட்டை விரல் பருமனுக்குள்ளேயே கழிக்க வேண்டும். நிற்கும் மரத்தைச் சுத்தியலின் பின்புறத்தால் தட்டினால் பொக்கை மரம் பானை போல ஒலிக்கும்.

வேம்பு எல்லா வீட்டுக் கொல்லையிலும் உண்டு. அடிமரம் குட்டையாகவும் கணுவாகவும் இருப்பதுதான் சங்கடம். சிவந்த வைரத்தைக் கரையான் எளிதில் தொடாது. "வேப்பமரத்தைப் பூச்சி அண்டாது" என்று வெள்ளையோடு சேர்த்து நிலை போட்டால் வெள்ளை மட்டும் ஒழுங்காகத் தூளாகி உதிரும். நார் குறுக்கு மறுக்காக ஓடுவதால் மெல்லிய பலகையாக அறுத்தால் முறுக்கிக்கொள்ளும். ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாமல் அறுத்து, மேலே பாரம் ஏற்றிக் காயவிட வேண்டும். நிலைக்கும் சன்னல் சட்டத்துக்கும் நல்லது. அகலப் பலகைக் கதவுக்கு வேண்டாம்.

தூங்குமூஞ்சியைத்தான் மிகக் கேவலமாக நடத்துகிறோம். சாலையில் இரண்டு பேர் கட்டிப்பிடிக்க முடியாத பருமனில் நிற்பது பெரும்பாலும் அதுதான். அது முறிந்து விழுந்தால் செங்கல் சூளைக்குப் போகிறது. இந்த மரம் காயும்போது சுருங்குவது மிகக் குறைவு: ஆரத்தில் சுமார் 2 சதவீதம், வளையப் போக்கில் 3.4. தேக்கைவிடவும் குறைவு. ஹவாய்த் தீவுகளில் இதைப் பச்சையாகவே கடைந்து கிண்ணமும் தட்டும் செய்து சுற்றுலாப் பயணிகளிடம் விற்றுப் பிழைத்தவர்கள் பலர். நமக்கு அது சூளை விறகு. வைரம் வாதுமைக்கொட்டை நிறத்தில் வரி வரியாக ஓடும். இரண்டே கால் அங்குலக் கனத்தில் முழு அகலத்துக்கும் அறுத்தால் எட்டுப் பேர் உட்காரும் சாப்பாட்டு மேசை ஒரே பலகையில் கிடைக்கும். குறை இல்லாமல் இல்லை. நார் பின்னிக் கிடப்பதால் இழைப்புளி பிடித்தால் சிராய் பிய்ந்து வரும். கூரான உளித்தகட்டை மெல்லிசாக வைத்து இழைத்து, மீதியைத் தேய்ப்புத் தாளில் முடிக்க வேண்டும். வெள்ளை அகலம், வண்டு விரும்பும். வெட்டவெளியில் போடக்கூடாது. வீட்டுக்குள் மேசை, கட்டில் தலைப்பலகை, அலமாரிக்கு இதைவிட மலிவான நல்ல பலகை டெல்டாவில் கிடையாது.

வாகைக்கு மரச்செக்குக்காரர்களால் இப்போது மறுபடி மதிப்பு வந்திருக்கிறது. அறுக்கும்போது தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது. முகமூடி இல்லாமல் வாகை அறுக்க யாரையும் நிறுத்தக்கூடாது.

நீர்மருது ஒரு ஊருக்கே பெயர் கொடுத்த மரம். திருவிடைமருதூரில் அதுவே தலமரம். கனமும் பலமும் உண்டு. ஆனால் காய்வதில் அவசரப்படுத்தினால் மேல்முகம் வலைவலையாக வெடிக்கும். முனைகளுக்கு வண்ணம் பூசி, நிழலில் மெதுவாகத்தான் ஆறவிட வேண்டும். காய்ந்தபின் ஆணி இறங்காது, துளையிட்டுத்தான் அடிக்க முடியும். உத்தரத்துக்கும் பாலப் பலகைக்கும் சரி. நாவல் ஈரத்தில் கெடாது. கிணற்று வளையத்துக்கு அதைப் போட்டவர்கள் விவரம் தெரிந்தவர்கள். குளியலறை நிலைக்கு இன்றும் அதைப் போடலாம். இலுப்பை, தேர் செய்யும் மரங்களில் ஒன்று. கிடைத்தால் விடக்கூடாது, நட்டால் பேரன்தான் வெட்டுவான். புன்னை கடலோரத்துப் படகு மரம். பலாவைப் பற்றித் தஞ்சாவூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீணைக்குடம் அதில்தான் குடைகிறார்கள், ஒரே மரத்தில் முழு வீணையும் குடைந்தால் ஏகாண்ட வீணை. அறுத்தபோது மஞ்சளாக இருப்பது வெளிச்சம் பட்டுப் பழுப்பாகும். நிறம் மாறிவிட்டதே என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம்.

மா, பலகையாக மோசமில்லை. அறுத்த அன்றே மருந்து பார்க்காவிட்டால் ஒரு வாரத்தில் பூஞ்சையால் நீலம் பாயும், ஆறு மாதத்தில் வண்டு துளைக்கும். 100 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 6 கிலோ வெங்காரம் (போராக்ஸ்), 4 கிலோ போரிக் அமிலம் கரைத்து, ஓரங்குலப் பச்சைப் பலகைகளை ஓர் இரவு மூழ்கவைத்து எடுத்து, இடைவெளியின்றி அடுக்கித் தார்ப்பாயால் மூடி மூன்று வாரம் வைத்தால் மருந்து உள்ளே ஊறும். பிறகுதான் காயவிட வேண்டும். காய்ந்த பலகையில் இந்த மருந்து ஏறாது. ஈரம்தான் அதை உள்ளே கொண்டுபோகிறது. மழையில் கரைந்து போய்விடும் என்பதால் வீட்டுக்குள் வைக்கும் மரத்துக்கு மட்டுமே இது பயன்படும். கையுறை கட்டாயம். மிஞ்சிய கரைசலை வாய்க்காலில் கொட்டக்கூடாது. தேக்கு வெள்ளை, வேம்பு வெள்ளை, தூங்குமூஞ்சி வெள்ளை எல்லாவற்றுக்கும் இதே முறைதான். மருந்து ஊறிய வெள்ளையை அலமாரித் தட்டுக்கும் ரீப்பருக்கும் தாராளமாகப் போடலாம்.

சீமை மரங்களில் மகோகனி இப்போது எல்லா வரப்பிலும் நிற்கிறது. குருத்துத் துளைப்பான் புழு நுனியைத் தின்றுவிட்டால் மரம் ஐந்தடியிலேயே இரண்டாகக் கவைத்துவிடும். கவைத்த உடனே ஒரு கிளையை விட்டு மற்றதை வெட்டிவிட வேண்டும். பத்து வருஷம் கழித்துப் பார்த்துப் பயனில்லை. இளம் மகோகனிப் பலகை வெளுத்த நிறம்தான், பெயரைப் பார்த்து விலை கொடுக்க வேண்டாம். மலைவேம்பு பிளைவுட்டுக்கு நட்டது. நிலைக்கு நட்டதாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சவுக்கு கம்பாகவே இருக்கட்டும். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்து மேட்டுநிலத் தைல மரத்தை அறுக்க ஒரு சூட்சுமம் உண்டு. அந்த மரத்தின் வெளிப்பகுதி இழுபட்டும் நடு அமுங்கியும் நிற்கிறது. ஒரே பக்கமாகச் சீவிக்கொண்டே போனால் மீதி மரம் வில்லாக வளைந்து, பலகை ஒரு முனையில் கனமாகவும் மறுமுனையில் மெலிந்தும் வரும். ஒரு பக்கம் ஒரு பலகை எடுத்ததும் மரத்தைப் புரட்டி எதிர்ப்பக்கம் ஒன்று எடுத்து, மாற்றி மாற்றி நடுவுக்கு வர வேண்டும்.

தென்னையைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியபோது பேராவூரணி, பட்டுக்கோட்டை, வேதாரண்யம் பக்கம் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தது தென்னைதான். கிடந்த மரங்கள் மக்கி, காண்டாமிருக வண்டுக்கு வீடாகி, தப்பி நின்ற கன்றுகளையும் கெடுத்தன. தென்னையை அறுக்கலாம், ஆனால் மற்ற மரத்துக்குத் தலைகீழ். இதில் வைரம் வெளியே, சோறு உள்ளே. வெளிவளையம் கன மீட்டருக்கு 600 கிலோவுக்கு மேல் கனக்கும், நடு 400-க்கும் கீழே. முற்றிய மரத்தின் அடிப்பாதியில், சுற்றியுள்ள வளையத்தை மட்டும் நாலு பக்கமும் எடுத்து, நடுவைக் கழித்துவிட வேண்டும். சாதாரண ரம்பப் பல் சில மரங்களிலேயே மழுங்கிவிடும், பல்முனையில் கடின உலோகம் பற்றவைத்த பிளேடு வேண்டும். ஆணிக்கு முன்னால் துளை போட வேண்டும், மண்ணில் புதைக்கக்கூடாது. கைமரத்துக்கும் கொட்டகைச் சட்டத்துக்கும் நன்றாக உழைக்கும். பனையும் அதே சாதிதான். ஆனால் மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றிப் பனையை வெட்ட முடியாது என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அரசு அறிவித்துவிட்டது. சந்தனம், ஈட்டி என்றால் இன்னும் கவனம் வேண்டும். வனத்துறையைக் கேட்காமல் கிளையைக்கூடத் தொடக்கூடாது.

எந்த மரமானாலும் காயாமல் போட்டால் வீண். ஓரங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்பது நிழலில் காற்றில் காயவைக்கும் பழைய கணக்கு. நம் ஊர்க் கோடையில் மென்மரம் அதற்கு முன்பே காயும், மருது காயாது. தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், இரண்டடிக்கு ஒரு ரீப்பர் துண்டு, ஒன்றின் மேல் ஒன்று நேர்கோட்டில் வருமாறு அடுக்க வேண்டும். துண்டுகள் கோடு தவறினால் பலகை அந்த இடத்தில் அலையாக வளைந்து அப்படியே காய்ந்துவிடும். மேலே கூரை வேண்டும், பக்கங்கள் திறந்திருக்க வேண்டும். பிளாஸ்டிக்கால் சுற்றி மூடினால் பூஞ்சைதான் வளரும். காய்ந்ததா என்று பார்க்க, பலகை முனையிலிருந்து ஓரடி உள்ளே ஒரு சின்னத் துண்டு வெட்டி எடைபோட்டு, 100 டிகிரிக்குச் சற்று மேலுள்ள அடுப்பில் எடை குறைவது நிற்கும்வரை வைக்க வேண்டும். 115 கிராமில் நின்ற துண்டு முதலில் 150 இருந்திருந்தால் ஈரம் 30 சதவீதம், இன்னும் பச்சை. 130 இருந்திருந்தால் 13 சதவீதம், கதவு செய்யலாம்.

கார்த்திகையில் இறுகி, சித்திரையில் இடைவெளி காட்டாத கதவு இங்கே கிடையாது. மூன்றடி அகலத் தேக்குப் பலகைக் கதவில் ஈரம் 6 சதவீதம் ஏறி இறங்கினால் அகலம் கிட்டத்தட்ட அரை அங்குலம் வரை மாறும். சட்டமும் பலகையும் கோத்த கதவில் இந்த ஆட்டம் காடிக்குள், அதாவது சட்டத்தில் வெட்டிய பள்ளத்துக்குள், அடங்கிவிடும். அதற்காகத்தான் பலகையைக் காடியில் சும்மா நிற்க விட்டார்கள். இப்போது ஆடுகிறதே என்று அதைப் பசை வைத்து ஒட்டிவிடுகிறார்கள். ஒட்டிய பலகை நடுவில் பிளக்கிறது, பழி மரத்துக்கு. நிலைக்காலின் அடிமுனைதான் முதலில் அழுகும் இடம். தரைக்குள் இறங்கும் அரை அடிக்கு இரண்டு கை தார் பூசிவிட்டு ஊன்ற வேண்டும்.

வெட்டும் காலம் பற்றியும் ஒன்று. தேய்பிறையில் வெட்டினால் உளுக்காது என்று பெரியவர்கள் சொல்வதோடு வாதம் எதற்கு. அவர்கள் தை பிறந்த பிறகுதான் வெட்டினார்கள் என்பதையும் சேர்த்து நினைவில் வைக்கலாம். சம்பா அறுப்பு முடிந்து வயல் காய்ந்தால்தான் வண்டி இறங்கும். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து குறுவைக்குத் தண்ணீர் வந்துவிட்டால் மரம் இருந்த இடத்திலேயே கிடக்க வேண்டியதுதான். புயலோ ஐப்பசி, கார்த்திகையில் மரத்தைச் சாய்க்கிறது. வயலெல்லாம் சேறாக, மரம் தண்ணீர் குடித்துக் கிடக்கும் நேரம். அப்போது எடுக்க முடியாவிட்டாலும் இரண்டு வேலைகள் உடனே செய்யலாம். பட்டையை உரித்துவிட வேண்டும், வண்டு முட்டையிடுவது பட்டைக்கு அடியில்தான். வெட்டு முனைகளில் மெழுகோ பழைய வண்ணமோ பூச வேண்டும். முங்கும் குளம் பக்கத்தில் இருந்தால் மரத்தை அதில் உருட்டிவிடலாம். முழுக்க நீருக்குள் கிடக்கும் மரத்தை வண்டும் தொடாது, பூஞ்சையும் தொடாது. பாதி மிதந்தால்தான் கெடும்.

பொது இடத்து மரத்தை வெட்ட இப்போது மாவட்ட ஆட்சியர் தலைமையிலான பசுமைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். வெட்டலாமா என்று பார்க்க ஆள் வருகிறார், அதே ஆள் இன்னும் பத்து நிமிஷம் நின்றால் போதும். ஏல அறிவிப்பில் "மரங்கள், தோராயமாக இத்தனை டன்" என்று எழுதுவதற்குப் பதிலாக, மரத்தின் பெயர், நடுச் சுற்றளவு, கிளையில்லாத நீளம் என்ற மூன்று கலங்களைச் சேர்க்க வேண்டும். 36 அங்குலத்துக்கு மேல் சுற்றளவுள்ள எந்த அடிமரத்தையும் ஏழரை அடிக்குக் குறைவாகத் துண்டுபோடக் கூடாது என்று ஒரு நிபந்தனை வைக்க வேண்டும். கிளையை விறகாகவும் அடிமரத்தைக் கன அடியாகவும் தனித்தனியே ஏலம் விட வேண்டும். உச்ச நீதிமன்ற உத்தரவுகளுக்குப் பிறகு அறுவை மில் நடத்த உரிமம் வேண்டும். ஆகவே உரிமம் பெற்ற மில்களின் பட்டியல் வனத்துறையிடம் உண்டு. அந்த மில்களுக்கு ஏல அறிவிப்பை அனுப்பினால் வாங்க ஆள் இல்லை என்ற பேச்சு எழாது. மரத்தில் ஆணி தெரிகிற இடங்களை வெட்டுவதற்கு முன்பே சுண்ணாம்பால் வட்டமிட்டுக் கொடுத்தால் பாதி மில்கள் சாலை மரத்தை ஏற்கும்.

இப்படிக்கு,
மர அறுவையிலும் தச்சு வேலையிலும் உள்ளோர் சிலர்,
திருவாரூர் மாவட்டம்.